"எல்லாம் அடங்கும்"னா எது எது அடங்கும்?

"மெட்டீரியலோட சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு சார். எல்லாம் அடங்கிடும். நீங்க பால் காய்ச்ச நல்ல நாள் மட்டும் பாருங்க."

சொந்த வீடு கட்டுபவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டதும் மனசு குளிர்ந்து, ஒரு பத்திரத்தாளில் பத்து வரி எழுதி, முன்பணம் கொடுத்து, பூமி பூஜை போட்டவர்களும் நம்மில் நிறைய பேர்.

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவர். கட்டுமானம் என் துறை இல்லை. ஆனால் பாதியில் நிற்கும் வீட்டால் ஏறும் பிரஷர், சுகர், கெட்டுப்போன தூக்கம், சாரத்தில் இருந்து விழுந்து உடைந்த எலும்பு, இதெல்லாம் என் மேஜைக்குத்தான் வருகிறது. அதனால் இன்று மருந்து பற்றி இல்லாமல், வீடு கட்டும் ஒப்பந்தத்தில் வேலை விவரம் எழுதுவது பற்றி ஒரு நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். லட்சங்களில் இருக்கிறது விஷயம்.

2018-ல் என் அக்காவும் மாமாவும் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். ஒப்பந்தம் மொத்தம் ஒன்பது வரி. அதில் முக்கியமான வரி இதுதான்: "மேற்படி மனையில் 1,150 சதுர அடி வீட்டை நல்ல தரமான பொருட்களைக் கொண்டு முழுமையாக முடித்துத் தர சம்மதிக்கிறேன்."

தளம் போட்டு சென்ட்ரிங் பிரிக்கும் வரை எல்லாம் சுமுகமாகப் போனது. அதற்குப் பிறகு மூன்று கேள்விகள் வந்தன.

போர்டிகோவும் மாடிப்படி ஹெட்ரூமும் அந்த 1,150-க்கு உள்ளேயா, வெளியேயா?

சம்ப், செப்டிக் டேங்க் ரெண்டும் "முழுமை"யில் சேருமா, சேராதா?

"நல்ல தரமான" டைல்ஸ் என்றால் சதுர அடி 45 ரூபாயா, 90 ரூபாயா?

மூன்றுக்கும் பத்திரத்தில் பதில் இல்லை. ஐந்து மாதம் வேலை நின்றது. வீட்டுக்கடன் தவணை ஒரு பக்கம், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம். மாமா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பார். அக்கா போன் பண்ணினாலே அழுகைதான். மாமாவுடைய மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு, அதாவது ஹெச்.பி.ஏ.1.சி, 7.2-ல் இருந்து 10.4-க்குப் போனது. நான் மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தேன். நோயின் வேர் அந்த ஒன்பது வரிகளில் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காண்ட்ராக்டர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவரும் ஹார்டுவேர் கடையில் கடன் சொல்லி, ஆட்களுக்கு சனிக்கிழமை சம்பளம் போட வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கணக்குப்படி மாமா பாக்கி தர வேண்டும். மாமா கணக்குப்படி அவர் வேலை பாக்கி வைத்திருக்கிறார். ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. முதல் நாளில் இருந்தே ரெண்டு பேர் மனசிலும் ரெண்டு வேறு வீடு இருந்தது. மனை மட்டும்தான் ஒன்று.

கடைசியில் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் வந்து உட்கார்ந்தார். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. முடிந்த வேலை, முடியாத வேலை, ஒவ்வொன்றின் அளவு, ஒவ்வொன்றின் விலை என்று நான்கு பக்கம் எழுதி ரெண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுத்த திங்கள்கிழமை கொத்தனார் வந்துவிட்டார். சண்டையைத் தீர்த்தது பஞ்சாயத்து இல்லை, பட்டியல்.

அவர் அன்றைக்குச் சொன்னது: "கவர்மென்ட் வேலையில எந்தக் கட்டடமா இருந்தாலும் முதல்ல பணி அளவுப் பட்டியல் போடுவோம் டாக்டர். செஞ்ச வேலையை எம் புக்ல அளந்து எழுதின பிறகுதான் பில். வீடு கட்டுறவங்க மட்டும்தான் வாய் வார்த்தையில கட்டுறாங்க."

எனக்கு இது புதுசாகத் தெரியவில்லை. எங்கள் துறையும் இதே பாடத்தைப் படித்ததுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டு வந்தது. மொத்தம் 19 அம்சங்கள். நோயாளி பெயர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், அலர்ஜி உண்டா, கடைசியில் பஞ்சு, துணி, ஊசி எண்ணிக்கை சரியா. எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். அதை வாய்விட்டுச் சொல்லி டிக் அடிக்க வேண்டும், அவ்வளவே. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் பரிசோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்தில் இருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன.

"இது எல்லாருக்கும் தெரியும்தானே" என்று நினைத்து விட்டுவிடும் இடத்தில்தான் தப்பு நடக்கும். தியேட்டரிலும் சரி, சைட்டிலும் சரி.

சரி, வேலை விவரத்தில் என்னென்ன எழுத வேண்டும்? சில வருடம் கழித்து அப்பா அம்மாவுக்காக மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தபோது, அந்தப் பொறியாளரையே உட்கார வைத்து எழுதியதில் இருந்து சொல்கிறேன்.

1. வரைபடமும் ஒப்பந்தத்தின் பகுதிதான்

பிளான் தனி, பத்திரம் தனி என்று வைக்காதீர்கள். எந்தத் தேதியிட்ட வரைபடம் என்று பத்திரத்தில் குறிப்பிட்டு, வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வரைபடத்தில் ஒன்றும் எழுத்தில் வேறொன்றும் இருந்தால் எது செல்லும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

2. சதுர அடியை எங்கிருந்து எங்கே அளப்பது?

ஒரு கணக்கு பாருங்கள். வெளிச்சுவரின் வெளிப்புறம் அளந்தால் 30-க்கு 40 அடி. 1,200 சதுர அடி. சுவர் 9 அங்குலம். அதே வீட்டை வெளிச்சுவரின் உள்பக்கம் அளந்தால் 28.5-க்கு 38.5 அடி. 1,097.25 சதுர அடி. வித்தியாசம் 102.75. சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால் 2,46,600 ரூபாய். டேப்பை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதற்கு மட்டும் இவ்வளவு! போர்டிகோ, பால்கனி, மாடிப்படி, ஹெட்ரூம், சன்ஷேட், லாஃப்ட் ஒவ்வொன்றும் முழுதாகக் கணக்கா, பாதியா, கிடையாதா என்று எழுதிவிடுங்கள்.

3. "நல்ல தரம்", "முதல் தரம்" என்ற வார்த்தைகளே வேண்டாம்

நான் சீட்டில் "நல்ல ஆன்டிபயாடிக் கொடுக்கவும்" என்று எழுதினால் மருந்தாளுநர் என்ன கொடுப்பார்? மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதினால்தான் அது மருந்துச் சீட்டு. அதே மாதிரி எழுதுங்கள்.

காங்கிரீட் எம்20. கையால் அளந்து கலப்பதாக இருந்தால் சிமென்ட் 1, மணல் 1.5, ஜல்லி 3. கம்பி எஃப்.இ. 500டி, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. சிமென்ட் என்றால் மூன்று பிராண்டு பெயரைப் போட்டு "இவற்றில் ஒன்று" என்று எழுதலாம். டைல்ஸ் என்றால் 2-க்கு 2 அடி விட்ரிஃபைடு, கடை விலை வரியோடு சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை, அதற்கு மேல் நீங்கள் எடுத்தால் வித்தியாசம் உங்களுடையது.

"அல்லது அதற்கு இணையான" என்ற சொல் வந்தால் உஷார். எது இணை என்று யார் முடிவு செய்வது? "உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும்" என்று சேர்த்துவிடுங்கள்.

4. வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

"பெயின்ட் அடித்துத் தரப்படும்" என்றால் ஒரு கோட் சுண்ணாம்பும் பெயின்ட்தான். பட்டி ரெண்டு கோட், பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் ரெண்டு கோட் என்று எண்ணிக்கை வேண்டும். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே கசிவு இல்லை என்று இருவரும் பார்க்க வேண்டும் என்று எழுதலாம். மின்சார வேலைக்கு அறைவாரியாக ஒரு அட்டவணை. எத்தனை லைட், எத்தனை ஃபேன், எத்தனை பிளக், ஏசி லைன் உண்டா.

தண்ணீர் விட்டு நனைப்பது, அதாவது க்யூரிங், பெரும்பாலும் யார் பொறுப்பு என்றே எழுதப்படாத வேலை. ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள். பி.பி.சி. மாதிரி கலப்பு சிமென்ட்டோ, வறண்ட வெயில் காலமோ என்றால் குறைந்தது 10 நாள். எத்தனை நாள், யார் ஆள், யார் தண்ணீர், மூன்றையும் எழுதுங்கள்.

5. அடங்காதவை பட்டியல்

என்னைக் கேட்டால் மொத்த ஒப்பந்தத்திலும் முக்கியமான பக்கம் இது. போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மண் நிரப்புவது, கரையான் மருந்து, மாடியில் தட்டு ஓடு, எலிவேஷன் வேலை, கிச்சன் கப்போர்டு, பிளான் அப்ரூவல் கட்டணம், மின் இணைப்பு டெபாசிட். ஒவ்வொன்றுக்கும் நேராக "அடங்கும்" அல்லது "அடங்காது" என்று ஒரு வார்த்தை போதும். அடங்காதவற்றுக்கு இப்போதே ரேட் பேசி எழுதிவிட்டால் இன்னும் நல்லது. இந்தப் பக்கம் காண்ட்ராக்டருக்கும் பாதுகாப்பு. "அதையும் போட்டுத் தந்துடுங்க தம்பி" என்று வீட்டுக்காரர் பிறகு கேட்க முடியாது.

6. யார் தருவது?

கட்டுமானத்துக்குத் தண்ணீர், தற்காலிக மின்சாரம், சிமென்ட் வைக்க ஷெட், இரவுக் காவல், கம்பி திருடு போனால் நஷ்டம், கடைசியில் இடிபாடு அள்ளுவது. சின்ன சின்ன விஷயம்தான். சண்டை ஆரம்பிப்பது இங்கேதான்.

7. மாற்றம் வந்தால்?

கட்டும்போது மனசு மாறும். ஜன்னல் பெரிதாகும், பூஜை அறை இடம் மாறும். தப்பில்லை. ஆனால் என்ன மாற்றம், கூடுதல் செலவு எவ்வளவு, எத்தனை நாள் தள்ளும் என்று எழுதி, இருவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கொத்தனார் கரண்டி எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கினாலும் அது ஒரு பதிவுதான். வார இறுதியில் ஒரு நோட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

8. பணம்

தேதி பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். வேலை பார்த்துக் கொடுங்கள். "ரூஃப் லெவல்" என்று எழுதினால், கம்பி கட்டியதுமா, காங்கிரீட் போட்டதுமா, சென்ட்ரிங் பிரித்ததுமா என்று மூன்று அர்த்தம் வரும். எது என்று எழுதுங்கள். அதே நியாயம் உங்களுக்கும் உண்டு. அந்தக் கட்டம் முடிந்து இத்தனை நாளுக்குள் பணம் தருவேன் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். அவருக்கும் சனிக்கிழமை வரும். கடைசியில் ஒரு சிறு பகுதியைப் பிடித்து வைத்து, ஒரு மழைக்காலம் தாண்டி, ஒழுகல் விரிசல் பார்த்துவிட்டுத் தருவதாகப் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

9. ஆட்களின் பாதுகாப்பு

இந்த இடத்தில் டாக்டராகவே பேசுகிறேன். உயரத்தில் இருந்து காலூன்றி விழுபவர்களுக்கு குதிகால் எலும்பு உடையும். அதே வேகம் மேலே ஏறி முதுகெலும்பையும் நசுக்கும். அதனால்தான் குதிகால் உடைந்து வருபவருக்கு முதுகையும் சேர்த்தே படம் எடுப்போம். எமர்ஜென்சியில் அப்படி வந்த ஒரு சென்ட்ரிங் தொழிலாளி. வயது 26. கால் விரலை அசைக்கச் சொன்னேன், அசையவில்லை.

"யார்கிட்ட வேலைப்பா?" என்று கேட்டால் கூட வந்தவர்களுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்காரர் காண்ட்ராக்டரைக் கை காட்டினார். காண்ட்ராக்டர் சென்ட்ரிங் மேஸ்திரியைக் கை காட்டினார். மேஸ்திரி, "அவன் இன்னிக்குத்தான் சார் மாத்தாளா வந்தான்" என்றார். சிகிச்சை எங்களிடம் இலவசம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் சாப்பிடுவதற்கு யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் இல்லை.

எழுதுங்கள். சாரம் யார் கட்டுவது, ஹெல்மெட், பெல்ட் யார் தருவது, கைப்பிடி இல்லாத படிக்கும் தளத்தின் விளிம்புக்கும் தற்காலிகத் தடுப்பு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., வேலை முடியும் வரை தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, அதன் பிரீமியம் யார் கட்டுவது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ல் இருந்து இயங்குகிறது. உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள் அதில் பதிவு செய்திருக்கிறார்களா, பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேளுங்கள். கேட்க காசு செலவில்லை.

10. கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது முடிவு?

ரெண்டு பேருக்கும் வேண்டப்பட்ட, ரெண்டு பேரிடமும் லாபம் பார்க்காத ஒரு பொறியாளரின் பெயரை முதலிலேயே எழுதுங்கள். அவர் வந்து பார்ப்பதற்கு என்ன கட்டணம், யார் தருவது என்பதையும். சண்டை வந்த பிறகு நடுநிலை ஆளைத் தேடினால், ஆளைத் தேர்ந்தெடுப்பதே அடுத்த சண்டை.

இந்தப் பட்டியலை நீட்டியதும் எங்கள் மாடியைக் கட்டிய மேஸ்திரி முகம் சுருங்கியது. "என்ன டாக்டர், நம்பிக்கை இல்லையா?"

ஆபரேஷன் முடிந்து வயிற்றை மூடும் முன் சிஸ்டர் துணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். இருபது வருட அனுபவம் உள்ள சர்ஜன் நின்றாலும் எண்ணுவார். எந்த சர்ஜனும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. அந்த எண்ணிக்கை நோயாளியை மட்டும் இல்லை, சர்ஜனையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. இதைத்தான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், பட்டியலில் நாங்கள் விட்ட ரெண்டு விஷயத்தை அவரே சேர்த்தார். ஒன்று, பொருட்களை மாடிக்கு ஏற்றும் கூலி. இன்னொன்று, பக்கத்து வீட்டுச் சுவரில் சேதம் வந்தால் யார் சரி செய்வது. ரெண்டுமே எனக்குத் தோன்றியிருக்காது. வேலை தெரிந்தவரோடு உட்கார்ந்து எழுதுவதில் இருக்கும் லாபம் அது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-வது பிரிவுப்படி, அர்த்தம் நிச்சயமாக இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் "சேவை"தான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த ரெண்டு வருடத்துக்குள் புகார் தரலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அங்கேயும் முதல் கேள்வி "என்ன எழுதியிருந்தீர்கள்?" என்பதுதான். "எல்லாம் அடங்கும்னு சொன்னார்" என்பதை வைத்து அவர்களால் என்ன செய்ய முடியும்?

எழுதி முடித்ததும் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வார்டில் நாங்கள் எழுதும் கேஸ் ஷீட் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? நோயாளியை ஒருமுறைகூடப் பார்த்திராத நைட் டியூட்டி டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு அதை மட்டும் படித்துவிட்டு அடுத்த மருந்தைச் சரியாகக் கொடுக்க முடிய வேண்டும். யாருக்கும் போன் போட்டு "என்ன நினைச்சு எழுதினீங்க?" என்று கேட்கக் கூடாது.

உங்கள் ஒப்பந்தத்தையும் அப்படி, உங்களையும் காண்ட்ராக்டரையும் தெரியாத ஒரு பொறியாளரிடம் கொடுங்கள். அதையும் வரைபடத்தையும் மட்டும் வைத்து உங்கள் மனசில் இருக்கும் வீட்டை அவரால் சொல்ல முடிகிறதா? சொன்னால் கையெழுத்துப் போடுங்கள். எந்த இடத்தில் அவர் "இது என்னங்க?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஒரு வரிக்கு இன்றைக்கு ஐந்து நிமிடம் ஆகும். எழுதாமல் விட்டால் எவ்வளவு ஆகும் என்று எங்கள் மாமாவைக் கேட்டால் சொல்வார். அவருக்கு இப்போது சுகர் கட்டுக்குள் இருக்கிறது.

வீடு கட்டப் போகும் உங்கள் சொந்தபந்தம், நண்பர்கள் யாராவது இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.